தண்ணீர் தெளித்த பட்டு

துர்காவின் கதை பச்சையம்மாள் வீட்டுச் செல்போனில் ஓடிக்கொண்டிருந்தது. கதையில் துர்கா என்று பெயர் இல்லை. ஆனாலும் நாலு வார்த்தை காதில் விழுந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்குப் பாவு பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் பூட்டுகிற இழைகள்தான் பாவு. ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி நுனிகளைத் தறியிலேயே கோத்தபடி விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலில் சாம்பலைத் தொட்டு, பழைய நுனியோடு சேர்த்து முறுக்க வேண்டும். முள்ளிப்பட்டில் ஒரு நாள், ஆரணியில் ஒரு நாள் என்று கூப்பிட்ட வீட்டுக்குப் போவேன். கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, காது சும்மாதான் இருக்கும். அதனால் இப்போதெல்லாம் எல்லாத் தறி வீட்டிலும் செல்போனில் கதை போட்டுவிடுகிறார்கள். சென்னையில் ஒரு அம்மா எழுதி, அவரே படித்துப் போடுகிறார். தினமும் ஒரு பாகம். அது வந்தால்தான் சிலருக்குக் கை ஓடுகிறது.

அன்று ஓடிய கதையின் நாயகனுக்கு ஆதிநாதன் என்று பெயர். பெரிய பட்டு முதலாளியின் ஒரே மகன். தன் கடைக்கு நெய்கிற ஒருவரின் மகள் மேல் ஆசைப்படுகிறான். அவளுக்கோ அத்தை மகனோடு பேசி முடித்தாகிவிட்டது. அதனால் அவன் ஒரு காரியம் செய்கிறான். அவள் அப்பாவுக்கு எடை போட்டுக் கொடுக்கப் போகிற பட்டில் முதல் நாளே தண்ணீர் தெளித்து வைக்கிறான். பட்டு தண்ணீரைக் குடித்துவிடும். குடித்தது கைக்குத் தெரியாது. கொடுக்கும்போது எடை கூடுதலாக நிற்கும். காய்ந்து, சேலையாகித் திரும்பும்போது குறையும். பட்டைத் திருடிவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சாகிறது. யாரும் வேலை கொடுக்கவில்லை. அத்தை வீட்டார் பின்வாங்குகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஆதிநாதன் வந்து, “ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் உங்களை நம்புகிறேன்” என்கிறான்.

பச்சையம்மாள் தறியை நிறுத்திவிட்டாள்.

“ஒரு பொண்ணுக்கோசரம் எப்படி மூளை ஓடுது பாரு. எம்புருசன் எனக்கு ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடுத்தது கெடையாது. இவன் பட்டுக்கே தண்ணி தெளிச்சிக்கிறான்.”

ஊடு இழைக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவள் மருமகள் கலையரசி, “அந்த அப்பா பாவமில்லியா அத்த?” என்றாள்.

“இன்னா பாவம்? கடைசில மாடி வூட்ல உக்காந்து துன்னப் போறாரு.”

“திருடன்னு பேரு வந்துச்சே.”

“அதெல்லாம் பூடும்டி. கதைல எல்லாம் பூடும்.”

“பூங்காவனம் அக்கா, நீங்க சொல்லுங்க. இவன் நல்லவனா, கெட்டவனா?”

என் விரலில் இழை அறுந்துபோனது. கண் எரிகிறது என்று சொல்லி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன்.

துர்காவும் நானும் முள்ளிப்பட்டில் ஒரே தெரு. எனக்கு இரண்டு வயது இளையவள். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பாவு பிணைப்போம். அவள் கை வேகம் எனக்கு வராது. அவள் அப்பா கந்தசாமி மாமா, முருக பக்தர். நெய்யும்போது அறுந்து விழுகிற துண்டு இழைகளைக்கூடக் காகிதத்தில் மடித்து, சேலையோடு சேர்த்து முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். “குப்பைல போடறத எதுக்கு மாமா எடுத்துகினு போறீங்க” என்று கேட்டால், “அது என்து இல்லியே” என்பார். துர்காவைக் களம்பூர் அரிசி மில்லில் வேலை பார்த்த அத்தை மகனுக்குக் கொடுப்பதாக இருந்தது. அவளுக்கும் அதில் விருப்பம்தான். அவன் வந்துவிட்டுப் போன நாளில் அவள் பிணைக்கிற இழை முன்னே பின்னே ஆகும். நான்தான் சரி பண்ணுவேன்.

அப்போது மாமா நெய்துகொண்டிருந்தது சரவணனின் அப்பா கடைக்கு. கடையில் எடை போட்டுக் கொடுப்பது சரவணன், கதையில் ஆதிநாதனாக வருகிறவர். சேலை எடை ஒரு தடவை குறைந்தது, மறுபடியும் குறைந்தது. அதோடு பாவு நின்றுபோனது.

எங்கள் பக்கம் ஒரு முதலாளி புதிதாக ஒருவருக்கு வேலை கொடுத்தால் பாவை வெறுங்கையோடு நீட்ட மாட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் வைத்து, அதன் மேல் பாவை வைத்து, வாசலில் நாலு பேர் பார்க்கக் கொடுப்பார். இந்த ஆளை நான் நம்புகிறேன் என்று அர்த்தம். நம்பிக்கை போய்விட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தட்டு வராது, அவ்வளவுதான். மாமா ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றார். மணவாள முதலாளி வாசலுக்கும் போனார். அவரும் மாமாவும் சஷ்டிக்கு ஒன்றாக விரதம் இருப்பவர்கள். அவரே, “இப்ப பாவு இல்ல கந்தசாமி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே பாவு அடுக்கியிருந்தது வாசலிலிருந்தே தெரிந்ததாம். மாமா வீட்டுக்கு வந்து அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

களம்பூர் அத்தை வரவில்லை. ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அப்புறம் ஒரு நாள் சரவணன் தட்டோடு வந்தார். தன் அப்பாவிடமே சண்டை போட்டுக்கொண்டு வந்ததாகச் சொன்னார். மாமா தேம்பித் தேம்பி அழுதார். அந்தப் பாவைப் பிணைத்தது நானும் துர்காவும்தான். அது நெய்து முடிவதற்குள் பெண் கேட்டு வந்தார்கள். முடியாது என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் இல்லை. துர்கா என்னிடம் சொன்னது இதுதான்: “நம்பினவரு அவரு ஒருத்தருதான். அவருக்கே இல்லன்னு எப்படிக்கா சொல்றது?”

மகள் பிறந்து காது குத்தின அன்றைக்கு, சந்தோஷத்தில் இருந்த சரவணன் துர்காவிடம் தண்ணீர் தெளித்ததைச் சொல்லியிருக்கிறார். ஒளித்துவைத்த தப்பைச் சொல்கிற மாதிரி இல்லை; பரிசு கொடுக்கிற மாதிரி. “உன்ன கட்றதுக்கு நான் இன்னா பாடு பட்டேன் தெரியுமா?” என்று ஆரம்பித்து, சிரித்துக்கொண்டே.

அந்த வருஷம் ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போனபோது துர்கா அதை என்னிடம் சொன்னாள். அம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தோம். அவள் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கீறித் தின்னாமலே இருந்தாள்.

“அப்பாகிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டேன்.

“எப்படிக்கா சொல்றது. காலைல எழுந்து முருகரு படத்தாண்ட நின்னுகினு மொதல்ல மாப்ள பேரத்தான் சொல்லிக் கும்பிட்றாரு.”

“உங்க வூட்டுக்காரர கேட்டியா?”

“கேட்டேன். எங்கப்பா மேல திருட்டுப் பேரு வந்துச்சேன்னு கேட்டேன். அதான் நான் தொடைச்சிட்டனேன்றாரு. தொடைக்கலக்கா. முதலாளி வூட்டுக்குப் பொண்ண குடுத்துட்டாரு, அதனால யாரும் வாய தொறக்கல. மனசுக்குள்ள வச்சிகினுதான் கீறாங்க.” தேங்காய் மூடியை மடியில் வைத்துக்கொண்டாள். “உள்ள போய் நின்னன்ல, அம்மன்கிட்ட இன்னா வேண்டிக்கிறதுன்னே தெரில.”

சரவணனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தவர் இல்லை. மாமியாருக்கு வீடு கட்டிக் கொடுத்தார். துர்காவின் தம்பியைத் தன் கடையிலேயே வைத்துக்கொண்டார். மாமா கடைசியில் படுத்தபோது வேலூருக்கு அழைத்துப்போய் இரவும் பகலும் கூட இருந்தவர் அவர்தான். மாமா உயிர் போகும்போது மாப்பிள்ளை கையைத்தான் பிடித்திருந்தார். கார்த்திகை தீபத்துக்கு அன்னதானம் போடுவார், பரிமாறவும் அவரே நிற்பார். இவ்வளவும் நிஜம். இவ்வளவும் நிஜமாக இருப்பதுதான் துர்காவுக்கு நாலு பக்கமும் சுவராகிவிட்டது. எந்தச் செங்கல்லை உருவினாலும் யாரோ ஒருவர் தலையில் விழும்.

கல்யாணம் காட்சிகளில் சரவணன், “இவள கட்றதுக்கு ஒரு தந்திரம் பண்ணேன்” என்று சொல்லிச் சிரிப்பார். என்ன தந்திரம் என்று சொல்ல மாட்டார். மகள் ஹேமலதா வளர்ந்து பெரியவளானதும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்கு அப்பா என்றால் உயிர். கதை போடுகிற அம்மா, உங்கள் வீட்டு நிஜக் காதல் கதையை அனுப்புங்கள் என்று கேட்க, அப்பா சொல்லச் சொல்ல ஹேமலதா அப்படியே அனுப்பிவிட்டாள். தண்ணீர் தெளித்ததும் அதில் சேர்த்துத்தான்.

அப்புறம் துர்காவுக்கு ஒதுங்க இடமில்லை. அவள் வீட்டில் சமைக்கிற பெண்ணின் போனிலும் அதுதான். கடைக்குப் போனால் சேலை மடிக்கிற பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, “குடுத்து வச்சவங்கக்கா நீங்க” என்கிறார்கள். கோயிலில் விளக்கு ஏற்றுகிற இடத்தில் ஒருத்தி, “சாரு கதைல வர்ற மாதிரியேவா பேசுவாரு?” என்று கேட்டாளாம். துர்கா சிரித்து வைப்பாள். வேறென்ன செய்ய முடியும்?

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஹேமலதா விஷயம் வந்தது.

ஹேமலதா செய்யார் பக்கம் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தாள். அங்கே கம்பெனிகளுக்குப் பஸ் விடுகிற குடும்பத்துப் பையன் தமிழ்செல்வன். வசதியான இடம். திடீரென்று ஹேமலதா மேல் ஒரு புகார் போனது, வேலை நேரத்தில் இடத்தில் இருப்பதில்லை என்று. நிரந்தரம் ஆக வேண்டியது நின்றுபோனது. அவளைப் பகல் ஷிப்டிலிருந்து மாற்றிவிட்டார்கள். புது ஷிப்டு பஸ் ஆரணிப் பக்கம் வராது. அப்போதுதான் தமிழ்செல்வன் காரோடு வந்து நிற்க ஆரம்பித்தான். கொஞ்ச மாதம் போனதும், அந்தப் புகாரைக் கொடுக்க வைத்தது தான்தான் என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னானாம். ஹேமலதாவுக்குக் கோபம் வரவில்லை.

துர்கா என் வீட்டுக்கு வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். பட்டுச் சேலை அழுக்காகும் என்று பாய் போடப் போனேன், வேண்டாம் என்றாள்.

“வேல நின்னு போச்சேடி, உன் பேரு கெட்டுப் போச்சேன்னு கேட்டேன்க்கா. எனக்கோசரம் எவ்ளோ யோசிச்சிக்கிறாரு பாரும்மா, அப்பா மாதிரின்றா.”

“நீ இன்னா சொன்ன?”

“இன்னா சொல்றது? அப்பா பண்ணது தப்புடின்னா, அப்போ இத்தினி வருசம் ஏன் கூட இருந்தன்னு கேப்பா. தாத்தா அவர சாமியா கும்பிட்டாரேன்னு கேப்பா. தப்பில்லன்னா, இவன் பின்னால பூடுவா. அவ வாழ்க்கையும் இப்படியே, இந்த மாதிரி சிரிச்சி வச்சிகினே பூடும்.” சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எங்க கல்யாண நாளு அன்னிக்கே அவளுக்குப் பூ வச்சி நிச்சயம் பண்ணிடலாம்னு பேசிட்டாங்க. நாளு கிட்ட வந்துகினே கீது.”

அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றேன். அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, அது போதும் என்று எனக்கே தோன்றவில்லை.

இருபத்தைந்தாவது கல்யாண நாளை ஆரணியில் ஒரு மண்டபம் பிடித்து நடத்தினார்கள். ஊர் முதலாளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். சென்னையிலிருந்து அந்தக் கதை அம்மாவும் வந்திருந்தார். மேடையில் துர்காவும் சரவணனும் மாலையோடு உட்கார்ந்திருக்க, பக்கத்து நாற்காலியில் ஹேமலதா, தலை நிறையப் பூ வைக்க இடம் விட்டுப் பின்னிக்கொண்டு. கீழே முன் வரிசையில் தமிழ்செல்வனும் அவன் அம்மாவும் பூத்தட்டோடு.

சரவணன் மைக்கைப் பிடித்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தார். அப்போது மணவாள முதலாளியைப் பேத்தி கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். வயதாகி, கூன் விழுந்துவிட்டது. பின்னால் ஒரு ஆள் துண்டு போட்டு மூடின தட்டோடு வந்தான். பெரியவர் வந்து வாழ்த்தப் போகிறார் என்று எல்லாரும் வழிவிட்டார்கள்.

“கந்தசாமி பொண்ணு நீதான?” என்று துர்காவைக் கேட்டார். பிறகு சரவணனைப் பார்த்தார். “பேத்தி போன்ல கதை போட்டா. பட்டுக்குத் தண்ணி தெளிச்ச கதை. அது உங்க கதைன்றாங்க. நெஜமா?”

“நெஜம்தாங்க பெரியவரே,” என்று சரவணன் மைக்கிலேயே சொன்னார். “வயசு அப்படி. இவ கெடைக்கணுமே.” கூட்டம் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

பெரியவர் சிரிக்கவில்லை. “அப்போ கந்தசாமி எடுக்கல.”

“எடுக்கலீங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?”

“எனக்குத் தெரியாது. அவன் சாவுக்கு நான் வரல. திருட்டுப் பயல் சாவுக்கு எதுக்குப் போறதுன்னு வூட்டுலயே குந்திகினு இருந்துட்டேன்.”

மைக் பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

பெரியவர் தட்டின் மேல் இருந்த துண்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள். மேலே ஒரு பாவு, அரக்கு நிறம். “அன்னிக்கி இல்லன்னு சொன்ன பாவு. வாங்க அவன் இல்ல. நீ வாங்கிக்கம்மா.”

சரவணன் மைக்கைக் கீழே இறக்கிவிட்டார். மேடை ஓரமாக நின்ற எனக்கு அவர் பேசினது கேட்டது. “வாங்காத துர்கா. நம்ம வூட்ல தறியே கெடையாது. பாவு குடுக்கற குடும்பம் நாம. நீ கை நீட்டி வாங்கினா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?”

என்ன நினைப்பார்கள் என்று அங்கே எல்லாருக்குமே தெரியும். இன்றைக்கு அவள் அதை வாங்கினால், இன்று வரைக்கும் கந்தசாமியின் பேர் துடைக்கப்படவில்லை என்று அர்த்தம். வாங்காவிட்டால் சிரிப்போடு சிரிப்பாகப் போய்விடும், பூ வைப்பார்கள், சாப்பாடு போடுவார்கள். துர்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். பெரியவர் நீட்டிப் பிடித்திருந்த தட்டிலிருந்து ஒரு பாக்கு உருண்டு விழுந்தது. தாயே ரேணுகாம்பா என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது தட்டு துர்காவின் கையில் இருந்தது. அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சரவணன் மைக்கை எடுத்தார். “பாத்தீங்களா, இன்னிக்கும் என் பொண்டாட்டிக்கு நெசவுன்னாதான் உசுரு” என்றார். கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். கதை எழுதின அம்மா அவர் பக்கம் குனிந்து, “இதையும் ஒரு பாகமா போட்டுடலாம் சார், ரொம்ப டச்சிங்கா இருக்கு” என்றார்.

ஹேமலதா அவர்களைப் பார்க்கவில்லை. பேத்தி தோளில் சாய்ந்து படி இறங்கிக்கொண்டிருந்த பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ்செல்வனின் அம்மா பூத்தட்டோடு மேடை ஏறி வந்து, சரத்தை எடுத்தார்.

“இருங்க ஆன்ட்டி,” என்றாள் ஹேமலதா. பின்னால் வந்த தமிழ்செல்வனிடம், சண்டை போடுகிற குரலில்கூட இல்லை, சாதாரணமாகக் கேட்டாள். “என் மேல போன கம்ப்ளைண்ட வாபஸ் வாங்க வச்சிட்டீங்களா?”

“அது எதுக்கு இப்ப? அதான் கல்யாணம் ஆகப் போகுதே. நீ அங்க போகவே தேவையில்ல.”

“வாங்கிட்டீங்களா இல்லியா?”

“ஹேமா, எல்லாரும் பாக்கறாங்க.”

“அப்போ வாங்கல.” அவள் அவன் அம்மா பக்கம் திரும்பினாள். “இன்னிக்கிப் பூ வேணாங்க. மொதல்ல அவர அந்தக் கம்ப்ளைண்ட வாபஸ் வாங்க வைக்கச் சொல்லுங்க. நான் எங்கயும் ஓடிப்போகல, இங்கதான் இருப்பேன்.”

சரவணன் எவ்வளவோ பேசிப் பார்த்தார். அவள் தலையைக் கொடுக்கவில்லை. அவர்கள் பூத்தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் போனார்கள்.

இது வரைக்கும் தமிழ்செல்வன் அந்தப் புகாரை வாபஸ் வாங்க வைக்கவில்லை. பெண்ணுக்குத் திமிர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். ஹேமலதா தானே ஆபீசில் மேலே, அந்தப் புகார் பொய் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய் வருகிறாள்.

எங்கள் தறி வீடுகளில் இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. “இன்னா இருந்தாலும் அவரு அவ மேல வச்ச ஆசை பொய்யில்லியே பூங்காவனம்” என்கிறாள் பச்சையம்மாள். பொய்யில்லை. அது எனக்கும் தெரியும். ஆனால் ஒருத்தி வேறு பக்கம் போகிற வழியையெல்லாம் அடைத்துவிட்டு, மிச்சமிருக்கிற ஒரே வாசலில் விளக்கு ஏற்றி வைத்துக்கொண்டு நின்றால், அந்த விளக்கைப் பார்த்துக் கும்பிட எனக்குக் கை வரவில்லை. அவ்வளவுதான் நான் சொல்வேன்.

சரவணன் துர்காவோடு சண்டை போடவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். வருகிறவர்களிடம், “இவளுக்கு நான் இன்னா கொற வச்சேன்?” என்று கேட்கிறார். கேட்கும்போது கண் கலங்குகிறது. அது நடிப்பு இல்லை. பாவு சாமி அறையில் இருக்கிறது. அந்த வீட்டில் அதை நெய்ய இடமில்லை, தூக்கிப் போடவும் யாருக்கும் தைரியமில்லை.

போன மாதம் துர்காவிடம், “என் வூட்டுக்கு வந்து நாலு நாளு இரேன்” என்றேன்.

“எப்படிக்கா. தம்பி அவரு கடைலதான கீறான். அம்மா அவரு கட்டின வூட்லதான கீது. நான் ஒருத்தி கெளம்பினா எல்லாருக்கும் பேஜார்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “வரேன், ஒரு வெள்ளிக்கெழமையா பாத்து வரேன்” என்றாள்.

இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் சோறு கொஞ்சம் கூடுதலாகவே வடிக்கிறேன்.